மாமா விழவைத்த பனி

எங்கள் ஊரில் ஒருமுறை பனி விழுந்திருக்கிறது. மார்கழி விடியற்காலையில் வைக்கோல் போரை நனைத்துவிட்டுப் போகுமே, அந்தப் பனி இல்லை. காலண்டர் படத்தில் மலையை வெள்ளையாக மூடிக்கொண்டு கிடக்குமே, அந்தப் பனி. ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவில், மண்டை காய்கிற வெயிலில், மாதா கோயில் வாசலில் விழுந்தது. சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கிறவர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் கண்ணால் கண்டதைச் சொல்லத் தெரியாதவள் இல்லை. கண்டது மட்டுமா? அந்தப் பனியை முறத்தில் அள்ளி அள்ளிக் கொடுத்ததே நான்தான்.

விழவைத்தவர் என் மாமா, அம்மாவின் தம்பி. எங்கள் வீட்டிலேயே தங்கிக் கம்பெனிக்குப் போய்வந்துகொண்டிருந்தார். கம்பெனிகள் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருந்த காலம் அது. போன வருடம் ஏர் ஓட்டின இடத்தில் இந்த வருடம் காம்பவுண்டு சுவர் நிற்கும். வெளிநாட்டிலிருந்து பெட்டி பெட்டியாக வண்டிச் சாமான் வரும். பெட்டியைப் பிரித்து, சாமானைத் துடைத்து, லைனில் வேலை செய்கிறவர்களுக்கு எடுத்துக் கொடுப்பது மாமாவின் வேலை. கான்ட்ராக்ட் வேலை. அவர் பர்மனென்ட் ஆகவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் செபமாலையில் தினமும் கடைசியாகச் சொல்லும் மன்றாட்டு. அதைச் சொல்லாமல் அம்மா யாருக்கும் சோறு போடமாட்டாள்.

அதற்குக் காரணம் இருந்தது. மாமாவுக்குப் பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். அதே கம்பெனியில் ஹவுஸ்கீப்பிங்கில் இருந்தாள். கூட்டிப் பெருக்குவதற்கு அங்கே அப்படி ஒரு பெயர். பெண்ணின் அப்பா கறாரான ஆள். “பையன் பர்மனென்ட் ஆவட்டும், மக்யாநாளே தட்டு மாத்திக்கலாம்” என்று சொல்லிவிட்டார். அவளை அத்தை என்று கூப்பிடப் பழகிக்கொள் என்று அம்மா எனக்குச் சொல்லியிருந்தாள். எனக்கு அக்கா என்றுதான் வந்தது. ஒல்லியாக, அதிகம் பேசாமல், பேசினால் நறுக்கென்று பேசுகிறவளாக இருந்தாள்.

பர்மனென்ட் ஆக்குவது சூப்பர்வைசரின் கையில் இருந்தது. தெற்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். எங்களைப் போல வேதக்காரர். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போக அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கேண்டீனில் யாரிடமோ, “கிறிஸ்மஸ்னா குளிரணும், பனி கொட்டணும்வே. இங்க என்னன்னா வேர்த்து ஊத்துது” என்று சொல்லியிருக்கிறார். சும்மா, சாப்பிட்டுக்கொண்டே சொன்ன வார்த்தை. வேறு யாராக இருந்தாலும் சிரித்துவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் கான்ட்ராக்ட் ஆளுக்கு அப்படி இல்லை. சூப்பர்வைசர் வாயிலிருந்து எது வந்தாலும் அது வேலைதான். ஏன், எதற்கு என்று கேட்காமல் செய்துமுடிக்க வேண்டும். மாமா மூன்று வருடமாக அப்படியே பழகியவர். பனி வேண்டும் என்கிறாரா, பனி விழும் என்று முடிவு செய்துவிட்டார். எங்கள் ஊர்ப் பூசைக்குக் குடும்பத்தோடு வரவேண்டும் என்று அவரை அழைத்தும்விட்டார்.

மறுநாளிலிருந்து மாமாவின் சோற்று டப்பா வெள்ளையாகத் திரும்பிவந்தது.

“ஏன்டா, சோறு எடுத்தும்போன டப்பாவுல இன்னாடா அடைச்சிகினு வந்துகீற?”

“தெர்மாகோல்க்கா. பொட்டிக்குள்ள சாமான் ஆடாம இருக்கறதுக்கு வெப்பாங்கோ.”

“இத்த வெச்சிகினு இன்னா பண்ணப்போற?”

“பனி பெய்யப்போறேன்.”

“மொதல்ல வூட்டுக்கு ரெண்டு கொடம் தண்ணி புடிச்சா. அப்பறம் பெய்யலாம்.”

அம்மாவுக்குக் கோபம் மட்டும் இல்லை, பயமும் இருந்தது. கம்பெனியின் குப்பைகூடச் சும்மா கிடக்கிற குப்பை இல்லை. அதை அள்ளுவதற்கென்றே ஒரு பெரிய மனிதர் குத்தகை எடுத்திருந்தார். பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவை மாடு கட்ட எடுத்துப் போனான் என்று ஒருவனைக் கேட்டிலேயே நிற்கவைத்து வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். “மாட்டிகினா இன்னாடா ஆவும்?” என்று அம்மா கேட்டால் மாமா சிரிப்பார். “சோத்து டப்பாவ எவன்கா தொறந்து பாக்கப்போறான்? மூடியத் தட்டிப் பாப்பான், வுட்ருவான்.” பிள்ளைப்பாக்கத்து அக்காவும் பஸ் நிறுத்தத்தில் வைத்து அவரைத் திட்டியிருக்கிறாள். அதையும் எங்களிடம் பெருமையாகத்தான் சொன்னார்.

தெர்மாகோலைத் துருவுகிற வேலை எனக்கும் மாமாவுக்கும். அரிவாள்மனையின் தேங்காய் துருவுகிற பல்லில் வைத்துத் தேய்த்தால் கறகறவென்று பல் கூசுகிற ஒரு சத்தம் வரும். பொரி மாதிரி சின்னச் சின்ன உருண்டையாக உதிரும். உதிர்ந்தது கீழே விழுமா என்றால் விழாது. கையில் ஒட்டும், பாவாடையில் ஒட்டும், சுவரில் ஏறி நிற்கும். குழம்பில் மிதக்கும். மாட்டின் மூக்கில்கூட இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. துடைப்பத்தை எடுத்தால் ஓடும், திரும்பி நின்றால் பின்னாலேயே வந்து காலில் ஒட்டும். அம்மா பெருக்கிப் பெருக்கி ஓய்ந்துபோய்த் துடைப்பத்தை முற்றத்தில் வீசினாள்.

“தேங்கா துருவறதுக்கு எங்கம்மா குடுத்த அரிவாமனடா இது! இத்தினி துருவல்ல ஒண்ணாச்சும் கொழம்புக்கு ஆவுமா? கர்மம்!”

அப்பா அந்தப் பக்கம் வந்தவர் தன் காபியில் மிதந்த உருண்டையை விரலால் எடுத்துப் போட்டுவிட்டு மீதியைக் குடித்தார். அவர் எதற்கும் வாயைத் திறக்கிற ஆள் இல்லை.

எங்கள் ஊர்க் கோயில் சின்னது. சாமியாருக்கு நாலைந்து ஊர் இருந்ததால் ராப்பூசை பெரிய ஊருக்கும், பகல் பூசை எங்களுக்கும் என்று பங்கு பிரித்திருந்தார். அதனால்தான் எங்கள் ஊரில் இயேசு பாலன் எப்போதும் நல்ல வெயிலில் பிறப்பார். பூசை முடிந்ததும் வாசலில் வைத்திருக்கும் குடிலில் பாலன் சுரூபத்தை வைத்து மந்திரிப்பார்கள். பிறகு கேக், அதற்குப் பிறகு பிரியாணி. சாமியார் சுரூபத்தைக் கிடத்துகிற அந்த நேரத்தில் பனி விழவேண்டும் என்பது மாமாவின் ஏற்பாடு.

களத்தில் நெல் தூற்ற வைக்கிற பெரிய ஃபேனைக் கோயில் மொட்டைமாடியில் ஏற்றி, துருவியதை அடைத்த சாக்கு மூட்டையையும் ஏற்றினார். பின்பக்கம் இரும்பு ஏணி. அம்மா கீழே நின்று கத்தினாள்: “தூத்தறவ காத்து பாத்து நிக்கணும்டா. காத்துக்கு எந்தப் பக்கம் முதுகக் காட்டறதுன்னு தெரியாதவன்லாம் பனி பேய வந்துட்டான்!” மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை. எனக்கு மட்டும் ஒரு சட்டம் சொன்னார்.

“தலைய வெளிய காட்டவே கூடாது. பனி வானத்துல இருந்து வரணும். மாடியில இருந்து வருதுன்னு எவனுக்கும் தெரியக் கூடாது. புரிதா?”

புரிந்தது. கைப்பிடிச் சுவரின் அடியில் மழைத்தண்ணீர் போவதற்கு ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் வாசல் முழுவதும் தெரியும். சூப்பர்வைசர் வெள்ளைச் சட்டையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மனைவி பட்டுப்புடவையில், மடியில் கைக்குழந்தையோடு. பிள்ளைப்பாக்கத்து அக்காவும் அவள் அப்பாவும் வந்திருந்தார்கள். விருந்தாளி என்று சும்மா உட்காராமல் அக்கா கேக் தட்டுகளை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சாமியார் சுரூபத்தைக் குனிந்து வைத்தார். மாமா சுவிட்சைப் போட்டார். நான் முறத்தில் அள்ளிக் கொடுக்க, அவர் ஃபேனுக்கு முன்னால் தூக்கிச் சரித்தார்.

பனி விழுந்தது.

இத்தனை வயதுக்கு நான் எத்தனையோ பார்த்துவிட்டேன். அப்படி ஒன்றைப் பிறகு பார்க்கவில்லை. வெயிலில் பளபளவென்று, அவசரமே இல்லாமல், வந்து வந்து இறங்கியது. பாட்டுப் பாடிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். உபதேசியார் கைகூப்பிக்கொண்டார். பிள்ளைகள் குதித்துக் குதித்துப் பிடித்தார்கள். சூப்பர்வைசர் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சூப்பர்வைசர் எழுந்து நின்று இரண்டு கைகளையும் ஏந்திக்கொண்டார். மாமா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அதற்குள் வாடைக்காற்று ஒன்று அடித்தது. ஃபேன் ஒரு பக்கம் தள்ள, காற்று ஒரு பக்கம் தள்ள, அத்தனையும் கூட்டத்தின் மேல் போய் அப்பிக்கொண்டது. ஒரு நொடியில் ஊரில் உள்ள எல்லோருக்கும் தலை நரைத்துவிட்டது.

“இன்னாடி, காலைல கொமரியா வந்த, இப்ப கெழவியா பூட்ட?”

“நீ மட்டும் இன்னா, மாவு மில்லுலருந்து வந்தவ மாரி கீற!”

கைக்குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு வீரிட்டது. பட்டுப்புடவையை உதற உதற இன்னும் ஒட்டியது. எங்கிருந்தோ நாலு கோழிகள் ஓடிவந்து கொத்த ஆரம்பித்தன. “கோயில் வாசல இப்ப எவ பெருக்கறது?” என்று அம்மாவின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்ட்டும் போனது.

ஃபேன் முனகிக்கொண்டே நின்றது. மாமாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நிறுத்தினால் பனி பாதியில் நின்றுபோகும் என்ற பதற்றத்தில் சாக்கைத் தூக்கி மொத்தமாகக் கவிழ்த்துவிட்டார். சாக்கின் அடியில் துருவாத கட்டி ஒன்று கிடந்திருக்கிறது. தேங்காய் மூடி அளவு. நேராகப் போய் சூப்பர்வைசரின் தட்டில், கேக்கின் மேல் உட்கார்ந்தது.

அவர் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். பின்பக்கத்தில் அச்சில் வார்த்த எண் இருந்தது. தினமும் அந்த எண்ணைப் பார்த்துத்தான் எந்தப் பெட்டி எந்த லைனுக்கு என்று அனுப்புகிறவர் அவர்.

“இது நம்ம பெட்டிக்குள்ள உள்ளதுல்லா?” என்றார். “கேட்டுல சொல்லாம ஒரு ஆணி வெளிய வரப்படாது. இத யாரு எடுத்துட்டு வந்தது?”

நான் எழுந்திருக்கப் பார்த்தேன். இத்தனை நல்ல பனியைக் கொடுத்தது யார் என்று அவர் ஆசையாகக் கேட்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது. மாமா என் தலையில் கையை வைத்துத் தரையோடு அமுக்கினார். அவரும் என் பக்கத்தில் குப்புறப் படுத்திருந்தார். அவர் புருவத்தில் தெர்மாகோல் ஒட்டியிருந்தது. ‘சட்டத்தை மறந்துவிட்டோமே’ என்று நாக்கைக் கடித்துக்கொண்டு நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

“நான்தான் சார்.”

பிள்ளைப்பாக்கத்து அக்கா. கையில் கேக் தட்டோடு முன்னால் வந்து நின்றாள்.

சூப்பர்வைசர் அவளை மேலும் கீழும் பார்த்தார். “ஹவுஸ்கீப்பிங்லா நீ? உங்கள ரெண்டு தரம் தடவிப் பாக்காம வெளிய விடமாட்டாங்களே. எப்படிக் கொண்டு வந்த?”

“கொண்டாந்தேன் சார். குப்பைக்குப் போறதுதானேன்னு எடுத்தாந்தேன்.”

அவர் கண்ணைத் தூக்கி மாடியைப் பார்த்தார். நல்லதாகப் போயிற்று, ஓட்டைக்குள் இருந்த என் கண்ணை அவர் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு அவளிடம் திரும்பினார்.

“நாளைக்கு வேலைக்கு வரவேண்டாம், என்ன.”

“பண்டிகை நாளும் அதுவுமா...” என்று சாமியார் இழுத்தார்.

“நான் என்ன செய்ய ஃபாதர்? எனக்கும் மேல ஆள் இருக்கு” என்று சொல்லி, கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக் கையிலேயே வைத்துக்கொண்டார்.

அக்காவின் அப்பா அவள் கையிலிருந்த தட்டைப் பிடுங்கிக் கீழே வைத்துவிட்டு, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். பிரியாணி அண்டா திறப்பதற்கு முன்பே போய்விட்டார்கள்.

எனக்கு அவள்மேல் வந்த எரிச்சலைச் சொல்லி மாளாது. நாள் கணக்கில் பல் கூசத் துருவியது நானும் மாமாவும். வெயிலில் மாடியில் கருகியதும் நாங்கள்தான். கடைசியில் எல்லோர் முன்னாலும் வந்து நின்று நான்தான் நான்தான் என்று பெயர் வாங்கிக்கொண்டு போகிறாளே! அதுவும் கோயில் வாசலில் நின்று பொய்! மாமாவிடம் சொல்லிப் பொருமினேன். அவர் ஏணியில் இறங்கிக்கொண்டே, “நீ வாய மூடிகினு வா” என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். “அங்க அந்தப் பொண்ணு தலைய குடுத்துகினு நிக்குது, நீ எங்கடா போய்த் தொலைஞ்ச?”

“கரண்ட் பூட்ச்சேன்னு பீஸ் கட்டை போடப் பின்னால எறங்கிப் பூட்டேன்கா. ஒண்ணுமே காதுல வுழல. வுழுந்திருந்தா சும்மா இருந்திருப்பனா?”

சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது. மாடியிலிருந்துதான் பனி வந்தது என்று யாருக்கும் தெரியக்கூடாது என்றால் அம்மாவுக்கும் தெரியக்கூடாதுதானே. அம்மாதான் ஏணிக்குக் கீழே நின்று கத்தினாள் என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. நானும் பதிலுக்குக் கண்ணடித்தேன். பீஸ் கட்டை கதையை மாமா பிள்ளைப்பாக்கத்துக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

தை மாதம் மாமா பர்மனென்ட் ஆனார். அம்மா மாதாவுக்குப் பட்டு சாத்தினாள். ஊரில் சிலர், வேலை போன பெண் எதற்கு, கம்பெனி மாப்பிள்ளைக்கு இப்போது எங்கேயும் கிடைக்குமே என்று வந்து சொன்னார்கள். அம்மா அவர்களை வாசலோடு அனுப்பினாள். “எந்தம்பிக்கோசரம் வேலைய வுட்ட பொண்ணு அது. வேற ஒருத்திய இந்த வூட்டுப் படி ஏத்தமாட்டேன்.” ஒரு ஞாயிற்றுக்கிழமை தட்டில் பழம், பூ, வெற்றிலையெல்லாம் எடுத்துக்கொண்டு அம்மா, அப்பா, மாமா, நான் எல்லோரும் பஸ் ஏறிப் பிள்ளைப்பாக்கம் போனோம்.

பெரியவர்கள் உள்ளே பேச, அக்கா என்னைக் கொல்லைப்புறம் கூட்டிப்போனாள். அவள் முகத்தில் சிரிப்பு இருந்தது. அன்றைக்குத்தான் அவளைப் பூ வைத்துப் பார்த்தேன். கொய்யா மரத்திலிருந்து ஒரு காய் பறித்துக் கொடுத்தாள். இனிமேல் நம் வீட்டுக்காரிதானே, இவளிடம் சட்டம் இல்லை என்று எனக்குத் தோன்றியது. மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

“பனி பேஞ்சது நாங்கதானே? நீ ஏன் நான்தான்னு சொன்ன?”

“நீங்கதான், யார் இல்லன்னா?” என்று சிரித்தாள்.

“நாங்க அங்கியேதான் இருந்தோம். நீ சொல்லசொல்லோ எனக்குச் செம கோவம். எந்திரிச்சி நாங்கதான்னு சொல்லப் பாத்தேன். மாமாதான் தலைய அமுக்கிட்டாரு.”

அக்காவின் கை என் தோளில் இருந்தது. “அவரு பீஸ் கட்டை போட எறங்கிட்டாரே” என்றாள்.

“அய்ய, அது சும்மா! கடைசி வரைக்கும் மாடியிலதான் படுத்துகினு இருந்தாரு. எங்கூட. அந்த சார் நாளைக்கு வராதன்னு சொன்னது, நீங்க போனது, அல்லாத்தையும் கேட்டுகினு பாத்துகினுதான் இருந்தோம்.”

அவள் கையை எடுத்துக்கொண்டாள். எனக்கு இன்னொரு கொய்யா வேண்டுமா என்று கேட்டாள். வேண்டும் என்றேன். பறித்துக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். நான் தின்றுகொண்டே பின்னால் போனேன்.

எல்லோருக்கும் காபி கொடுத்தாள். அம்மா தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தபோது, “எனக்கு இந்தக் கல்யாணம் வேணாங்க்கா” என்றாள்.

“இன்னாம்மா சொல்ற?”

“வேணாங்க்கா.”

“எங்களாண்ட இன்னா கொறையக் கண்ட? அதயாச்சும் சொல்லு.”

“கொற ஒண்ணும் இல்லக்கா. உங்களாண்ட ஒண்ணும் இல்ல.”

அவள் அப்பா எழுந்து வந்து கத்தினார். பைத்தியமா என்றார், வேலையும் போய் மாப்பிள்ளையும் போனால் உன்னை எவன் கட்டுவான் என்றார். அவள் மாமாவைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“பீஸ் கட்டை போட்டாச்சா?”

மாமா தலையைக் குனிந்துகொண்டார். கரண்ட் வந்து ஒரு மாதம் ஆகிவிட்டதே, இப்போது எதற்கு இதைக் கேட்கிறாள் என்று எனக்குத் தோன்றியது.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மாவின் வாய் ஓயவில்லை. தட்டு மடியில், பழம் உருள உருளப் பிடித்துக்கொண்டு, கண்டக்டர் திரும்பிப் பார்க்கிற அளவுக்குப் பேசினாள். “எவ்ளோ திமிரு பாத்தியா? பர்மனென்ட் மாப்பிள வாசல்ல வந்து நிக்கிறான், வேணாமாம்! காரணம் கேட்டா இல்லியாம்! கூட்டிப் பெருக்கறவளுக்கு இவ்ளோ ராங்கி ஆவுமா? எந்தம்பிக்கு இன்னாடி கொற? தங்கம்டி அவன்!” அப்பா வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். முன்சீட்டில் மாமா சுருண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கும் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எனக்குப் பட்டுப்பாவாடை எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஒரு வார்த்தையில் எல்லாவற்றையும் கெடுத்துவிட்டாள்.

மாமாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எழுந்துபோய் அவர் தோளைத் தட்டி, எல்லோருக்கும் கேட்கிறமாதிரியே ஆறுதல் சொன்னேன்.

“வுடு மாமா. நீ மாடியிலயே படுத்துகினு அல்லாத்தையும் கேட்டுகினு இருந்தத நான் வேற யாருகிட்டயும் சொல்லல. அக்காகிட்ட மட்டும்தான் சொன்னேன்.”

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அப்படி ஒரு பார்வை அதற்குமுன் யாரும் என்னைப் பார்த்ததில்லை. ரகசியத்தைக் காப்பாற்றியதற்கு நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

பின்னால் அம்மாவின் பேச்சு அப்படியே நின்றது. ஊர் வந்து சேரும்வரை அவள் வாயைத் திறக்கவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிக்கொண்டது போலிருக்கிறது, நல்லதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.